விரல் படிக்கும் நத்தார் மடல்



வணிக முறையிலான முதல் நத்தார் மடலை 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் வெளியிட்டார். இன்று கடைகளில் மடல்கள் மலிந்துள்ளன. எனினும், பார்வை மங்கிய அம்மம்மா விரலால் தடவி உணரும் மடலை நாமே ஆக்கலாம்.

தடித்த அட்டையில், மெதுவாக உலரும் மையுள்ள ‘எம்போசிங்’ பேனாவால் ‘நத்தார் வாழ்த்து’ எனப் பெரிதாக எழுதுக. மை காயுமுன் ‘எம்போசிங்’ தூளைத் தூவி, எஞ்சியதைத் தட்டி அகற்றுக. பின்னர், வெப்பக்காற்றுக் கருவியைப் பெற்றோரே சற்றுத் தள்ளிப் பிடித்துச் சூடாக்குதல் வேண்டும். தூள் உருகிப் பளபளத்ததும் நிறுத்துக. வெப்பம் மிகுந்தால் எழுத்துத் தட்டையாகிவிடும். தலைமயிர் உலர்த்தி இதற்கு உதவாது. அதன் சூடு போதாது, காற்றோ தூளைப் பறக்கடிக்கும்.

ஆறியதும் எழுத்து மேடாக நிற்கும். அதில் பிழையிருப்பின் அம்மம்மாவின் விரல் அறிந்துவிடும். ஆதலால், முதலில் வேறு தாளில் எழுதிப் பழகுக.