மூன்று மொழியிலும் உடையாத கார்டு: செயலித் திரைகளைக் கட்டும் முறை

திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாகச் சென்னைக்குப் போகும் சாலையில் இருக்கிறது வடமாலபேட்டை. தெலுங்கும் தமிழும் சேர்ந்தே புழங்கும் வட்டாரம். இந்தப் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கு ஒரு மொபைல் செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். தெலுங்கில் மட்டும் செய்தால் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் விடுபடுவார். தமிழில் மட்டும் செய்தால் பெரும்பான்மையோருக்குப் பயன்படாது. இவர்களிடம் காய் வாங்கும் மாங்கூழ் ஆலையில் கணக்குப் பார்ப்பவருக்கு ஆங்கிலமும் வேண்டும். பத்துத் திரை உள்ள செயலி, மொழிக்கு மொழி மாறி முப்பது விதமாகத் தெரியப்போகிறது. திரை திரையாக எழுதிக்கொண்டு போனால், ஒரு பட்டனின் நிறத்தை மாற்றக்கூட எல்லாக் கோப்புகளையும் திறக்க வேண்டிவரும்.

பட்டன், கார்டு, விலை எண் போன்ற சிறு பாகங்களை ஒருமுறை சரியாகச் செய்து, திரைகளை அவற்றைக் கொண்டே கட்டுவதுதான் இதற்கு வழி. இந்தப் பாகங்களைக் கம்போனென்ட் என்கிறோம். 2018 டிசம்பரில் கூகுள் முதல் நிலையான பதிப்பை வெளியிட்ட ஃப்ளட்டர் என்ற செயலிக் கட்டமைப்பில் இதற்குப் பெயர் விட்ஜெட். நான் ஃப்ளட்டரை வைத்தே சொல்கிறேன். ரியாக்ட் நேட்டிவ், ஜெட்பேக் கம்போஸ், ஸ்விஃப்ட்யூஐ எதில் எழுதினாலும் முறை இதுதான். புத்தூரிலும் திருப்பதியிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் தங்கள் இறுதியாண்டு புராஜெக்டை இப்படிச் செய்து பார்க்கலாம்.

முதலில் பேப்பரும் பென்சிலும்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் மூன்று திரைகளைக் கையால் வரையுங்கள்: இன்றைய தோத்தாபுரி மாங்காய் விலை, நான் அனுப்பிய லோடுகள், வந்த பணம். திரும்பத் திரும்ப வருவதைச் சுற்றி வட்டம் போடுங்கள். ரூபாய்த் தொகை, எடை, தேதி, கார்டின் சட்டம், அடியில் இருக்கும் பட்டன் ஆகியவை உடனே கண்ணில் படும்.

பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் பொதுவாக்காதீர்கள். விலைக் கார்டும் லோடு கார்டும் ஒரே சாயலில் இருக்கலாம். ஆனால் விலைக் கார்டு சந்தை மாறினால் மாறும். லோடு கார்டில் எடைமேடைச் சீட்டு, வண்டி எண், ஆலையின் பெயர் வரும். சட்டம் மட்டும் பொதுவாக இருக்கட்டும், உள்ளே இருப்பது தனித்தனியாக இருக்கட்டும். ஒரு விஷயம் மூன்றாவது இடத்தில் தேவைப்படும்போது பொதுவாக்கினால் போதும் என்பது என் கருத்து. அதற்கு முன் செய்தால் ஊகத்தில்தான் செய்வோம்.

அடுத்து நிறம், இடைவெளி, எழுத்தளவு மூன்றையும் தீம் கோப்பில் ஒரே இடத்தில் வையுங்கள். ‘பச்சை’ என்று பெயர் வைக்காமல் ‘பணம் வந்தது’ என்று வையுங்கள். நாளை நிறம் மாறினாலும் பெயர் பொருந்தும். தோப்பில் வெயிலில் நின்று பார்ப்பார்கள் என்பதால், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். வெளிர்சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம்.

சின்னதிலிருந்து பெரியதற்கு

முதல் விட்ஜெட்டாகத் தொகையைச் செய்யுங்கள். எண்ணைக் கொடுத்தால் ரூபாய்க் குறியோடு, நம் முறைப்படி 1,25,000 என்று காட்ட வேண்டும். அமெரிக்க அமைப்பை அப்படியே விட்டால் 125,000 என்று வரும். லட்சக்கணக்கில் பழகிய கண் தடுமாறும். intl பேக்கேஜில் தமிழையோ தெலுங்கையோ குறித்தால் காற்புள்ளி சரியாக விழும். இதை ஒரே விட்ஜெட்டில் செய்துவிட்டால் வேறு எந்தத் திரையிலும் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

பிறகு விலைக் கார்டு. சித்தூர்ப் பக்கம் கூழ் ஆலைகளுக்குப் போகும் தோத்தாபுரிக்கு 2025 சீசனில் விலை விழுந்தபோது, கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும்படி ஆந்திர அரசு ஏற்பாடு செய்தது: ஆலை தருவது 8, அரசு தருவது 4. ‘விலை’ என்று ஒற்றை எண்ணை மட்டும் வாங்கிக் காட்டும் கார்டு இங்கே உதவாது. 12 என்று காட்டினால் ஆலையிலேயே 12 கிடைக்கும் என்று விவசாயி நினைப்பார். 8 என்று காட்டினால் அரசின் பங்கு மறைந்துபோகும். இரண்டு பணமும் வேறு வேறு கையிலிருந்து வருபவை. வரும் நாளும் வேறாக இருக்கலாம்.

அவசரத்தில் ‘அரசு உதவி உண்டா’ என்று உண்டு–இல்லை பாராமீட்டர் ஒன்றைச் சேர்க்கத் தோன்றும். அடுத்த வருடம் தரத்துக்கு ஒரு விலை வந்தால் இன்னொன்று, லாரி வாடகை கழித்தால் மற்றொன்று. கொஞ்ச நாளில் அந்தக் கார்டை எழுதியவருக்கே புரியாது. அதற்குப் பதில் கார்டு ஒரு தலைப்பையும் வரிகளின் பட்டியலையும் வாங்கிக்கொள்ளட்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு தொகை, கடைசியில் மொத்தம். ஒரு வரி வந்தாலும் ஐந்து வரி வந்தாலும் கார்டின் கோடைத் தொட வேண்டியதில்லை.

இந்தக் கார்டு தானாக சர்வரிடம் போய் விலை கேட்கக் கூடாது. தரவை வெளியிலிருந்து வாங்க வேண்டும்; யாராவது தொட்டால் ‘தொட்டார்கள்’ என்று கால்பேக் மூலம் திரைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான் அதே கார்டைப் பணத் திரையிலும் வைக்க முடியும், நெட் இல்லாமல் சோதிக்கவும் முடியும்.

கார்டின் நிலைகளையும் இப்போதே எழுதிவிடுங்கள்: விலை வந்துகொண்டிருக்கிறது, வந்துவிட்டது, இன்று விலை இல்லை, சிக்னல் இல்லை. ஐந்தாவதாக, நேற்றைய விலை. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய விலையைத் தேதி போடாமல் காட்டினால், அதை நம்பி ஒருவர் காயைப் பறித்துவிடுவார்.

மொழியை மாற்றிப் பாருங்கள்

ஒரு கம்போனென்ட் உண்மையிலேயே எந்தத் திரைக்கும் உதவுமா என்பது இங்கே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அழகாக உட்கார்ந்த பட்டன், தமிழுக்கு மாற்றியதும் அகலம் போதாமல் திணறும். ‘ரசீதைப் பதிவிறக்கவும்’ ஒரு வரியில் அடங்காது. ஃப்ளட்டரில் ஒரு வரிசைக்குள் அடங்காத பாகம் இருந்தால் ஓரத்தில் மஞ்சளும் கருப்புமாகப் பட்டை விழும். அது சோதனைப் பதிப்பில் மட்டும்தான். வெளியிடும் பதிப்பில் பட்டை வராது, அடங்காத பகுதி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். அதனால் பட்டையைப் பார்த்த அன்றே சரிசெய்யுங்கள்.

தெலுங்கில் சிக்கல் உயரத்தில் வரும். ‘செல்லிம்பு’ (பணம் செலுத்துதல்) என்ற சொல்லில் இரண்டாவது லகரம் முதல் லகரத்தின் கீழே ஒத்தாக விழும். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுத்திருந்தால் அந்தக் கீழெழுத்து பாதியில் அறுபடும். ஆகவே எந்தப் பெட்டிக்கும் நிலையான உயரம் வேண்டாம். குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள். விரல் படும் இடத்துக்கு 48 அலகு போதும். அகலத்துக்கு, எழுத்து இரண்டாம் வரிக்கு மடங்க அனுமதியுங்கள். பக்கத்தில் இரண்டு பட்டன் இருந்தால் இடம் போதாதபோது ஒன்றன்கீழ் ஒன்றாக விழும்படி ‘ராப்’ விட்ஜெட்டில் வையுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். வயதானவர்கள் போனில் அப்படி வைத்திருப்பார்கள். அந்த அளவிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வாக்கியத்தைத் துண்டுகளாக ஒட்டாதீர்கள். ஆலையின் பெயரோடு ‘இல்’ சேர்த்தால் தமிழாகிவிடாது. முழு வாக்கியத்தையும் மொழிக் கோப்பில் வைத்து, பெயருக்கு மட்டும் இடம் விடுங்கள். வேற்றுமை உருபு ஒட்டாத மாதிரி வாக்கியத்தை அமையுங்கள். எழுத்துருவுக்கு ஏக் டைப் நிறுவனத்தின் அனெக் குடும்பம் நல்ல தேர்வு. தமிழ், தெலுங்கு, லத்தீன் மூன்றும் ஒரே கனத்தில் வரையப்பட்டிருப்பதால், எண்ணும் எழுத்தும் கலந்த வரி ஒட்டுப்போட்டதுபோல் இருக்காது. நோட்டோ சான்ஸும் உதவும். எதுவானாலும் செயலிக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். நெட்டிலிருந்து இறக்கட்டும் என்று விடாதீர்கள்.

படத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் கோல்டன் டெஸ்ட் எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை: ஃப்ளட்டர் டெஸ்டில் எழுத்துகள் இயல்பாகக் கட்டம் கட்டமாகத்தான் வரும். எழுத்துருவை டெஸ்டிலும் ஏற்றாவிட்டால், தெலுங்கு ஒத்து அறுபட்டாலும் டெஸ்ட் பாஸாகிவிடும்.

கடைசியாக ஒரு காட்சித் திரை

எல்லா கம்போனென்ட்டும் எல்லா நிலையிலும் மூன்று மொழியிலும் வரிசையாகத் தெரியும் ஒரு திரையைச் செய்துகொள்ளுங்கள். விட்ஜெட்புக் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. இது தயாரானபின், திரைகளைக் கட்டுவது அடுக்கும் வேலைதான். விலை குறைந்த போன் ஒன்றில் இதை ஏற்றி, தெலுங்கு படிக்கும் ஒருவரிடமும் தமிழ் படிக்கும் ஒருவரிடமும் வெயிலில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நிறுத்துகிறார்கள், எந்தத் தொகையைத் தவறாகச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பொது கம்போனென்ட்டில் செய்யும் ஒரு திருத்தம் எல்லாத் திரையையும் மாற்றும். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் இந்தக் காட்சித் திரையை முழுக்கப் பார்த்துவிட்டே வெளியிடுங்கள். பெரிய மாற்றங்களை ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். லாரிகள் ஆலை வாசலில் வரிசைகட்டும் ஜூன், ஜூலையில் கார்டின் அமைப்பைத் தொடாமல் பிழைகளை மட்டும் திருத்துங்கள்.