கிறிஸ்துமஸ் கழிவுகளைத் தரம் பிரித்தல்

கொச்சியை அடுத்த பிரம்மபுரம் கழிவுக் கிடங்கில் 2023 மார்ச் 2-ஆம் நாள் பற்றிய தீ அடங்கப் பத்து நாட்களுக்கு மேலாயிற்று. குவிந்திருந்த பிளாஸ்டிக்கின் அடியில் கனல் இருந்தமையால் மேலே பீய்ச்சிய நீர் எட்டவில்லை. குப்பையைக் கிளறிக் கிளறி நனைக்க நேர்ந்தது. தரம் பிரிக்காத குப்பையே இவ்வாறு மலையாகிறது.

ஏலூர் வீடுகளிலும் பண்டிகை முடிந்ததும் இறைச்சி எலும்பும் கேக் பெட்டியும் ஒரே பையில் சேர்வதுண்டு. எண்ணெய் ஊறிய அட்டை மறுசுழற்சிக்கு உதவாது. உணவுக் கழிவை உரக்குழியில் இடுக. பிளாஸ்டிக்கைக் கழுவி உலர்த்தி, ஹரித கர்ம சேனையாரிடம் அளிக்குக.

மினுமினுப்புத் தாளைக் கசக்கிப் பார்க்கவும். கைவிட்டதும் விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் படலம் உண்டு, காகிதத்தோடு சேர்க்கலாகாது. ஆசிரியர்கள் இச்சோதனையை மாணவரைக் கொண்டே செய்விக்கலாம். சிறுவர்க்கு இது விளையாட்டாகவும் இருக்கும்.

காகித நட்சத்திரத்தை எறியவே வேண்டுவதில்லை. மின்குமிழை நீக்கி மடித்து, ஈரம் படாத பரணில் வைத்தால் அடுத்த டிசம்பருக்கும் ஆகும்.