ரத்தம் ஏன் உறைந்தது என்று கேளுங்கள்

எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த வருடங்களில் காலில் ரத்தம் உறைந்தது. டாப்ளர் ஸ்கேனில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே முடிவு: தொடையின் ஆழ்சிரையில் அடைப்பு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை அம்மாவுக்கு மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். தம்பி இன்றும் சாப்பிடுகிறான். “வயசானவங்களுக்கே நிறுத்தியாச்சு, சின்னப் பையனுக்கு எதுக்கு இன்னும்?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை இருவருக்கும் துணையாக மருத்துவமனைக்குப் போய்வந்து தெரிந்துகொண்டேன். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி போட்டிருந்தும், வீடு திரும்பிய பிறகு இடது கால் மட்டும் தொடைவரை வீங்கியது. “படுத்தே இருந்ததால நீர் கோத்திருக்கு, தைலம் போட்டு உருவி விடு” என்றார் பெரியம்மா. இரண்டு காலும் ஒன்றுபோல வீங்கினால் காரணம் வேறாக இருக்கலாம். ஒரே கால் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் தைலம் தேய்க்காமல், உருவாமல், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவர் முதலில் எடுத்தது அளவு நாடாவைத்தான். இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தார். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு மதிப்பெண். அண்மையில் பெரிய அறுவை, கால் முழுக்க வீக்கம், அழுத்தினால் குழி விழுவது என ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வெல்ஸ் மதிப்பெண் என்பார்கள். இரண்டோ அதற்கு மேலோ வந்தால் ரத்த உறைவுக்கு வாய்ப்பு அதிகம். அம்மாவை நேரே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள்.

தம்பிக்குக் கெண்டைக்காலில் வலி மட்டும்தான்; ஷட்டில் ஆடியதில் பிடித்துக்கொண்டது என்றே எல்லோரும் நினைத்தோம். மதிப்பெண் குறைவு என்பதால் முதலில் டி-டைமர் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மதிப்பெண் குறைவாக உள்ளவருக்கு இதன் முடிவு இயல்பாக இருந்தால் ரத்த உறைவு இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதிகமாக இருந்தால் உறைவு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அறுவை, காய்ச்சல், கர்ப்பம், முதுமை எல்லாவற்றிலும் அது ஏறும். ஸ்கேன்தான் முடிவு சொல்லும். தம்பிக்கு டி-டைமர் ஏறியிருந்தது, ஸ்கேனில் அடைப்பும் தெரிந்தது.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம் – இவை வந்தால் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை என்ன செய்கிறது?

இந்த மாத்திரைகள் கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமலும் புதிதாக உறையாமலும் பார்த்துக்கொள்கின்றன. கரைக்கும் வேலையை உடலே மெல்லச் செய்துகொள்கிறது. ஆகவே வீக்கம் வடிந்துவிட்டது என்று மாத்திரையை விடக்கூடாது. முதல் சில வாரங்களில் ஒரு வேளைகூடத் தவறக்கூடாது.

அம்மாவுக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைவு. அதனால் வயிற்றுத் தோலடியில் ஹெப்பாரின் வகை ஊசியும் அசிட்ரோம் மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை முழுதாக வேலை செய்யச் சில நாட்களாகும். குறைந்தது 5 நாள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2-ஐத் தொடும்வரை இரண்டும் சேர்ந்தே போகும். பிறகு ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் ரத்தம் கசியும். கீரையை அடியோடு நிறுத்தச் சொல்வார்கள் அக்கம்பக்கத்தில். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் நிறுத்தத் தேவையில்லை. வாரத்துக்கு இத்தனை தடவை என்று ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும். நாங்கள் ஒரு நோட்டில் தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு, புதிதாகச் சேர்த்த மருந்து எல்லாவற்றையும் எழுதிவைத்தோம். ஒருமுறை எண் ஏறியபோது, வயிற்றுப்போக்குக்குச் சாப்பிட்ட மெட்ரோனிடசோல்தான் காரணம் என்று மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்தே சொன்னார்.

தம்பிக்கு ரிவரோக்சபான். முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இருவேளை, பிறகு 20 மில்லிகிராம் ஒருவேளை. ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை. ஆனால் வெறும் வயிற்றில் சாப்பிட்டால் உடலில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும்.

எந்த மாத்திரையானாலும் சில விஷயங்கள் பொது. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வாங்கிப் போடக்கூடாது. நாட்டு மருந்தோ வேறு எதுவோ மருத்துவரைக் கேட்டே சேர்க்க வேண்டும். இடுப்பில் ஊசி போட வந்தாலும், பல் பிடுங்கப் போனாலும் முதலில் சொல்லிவிட வேண்டும். மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, வெளியில் காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்தின் பெயர் எழுதிய சீட்டு பர்ஸில் இருக்கட்டும்.

எத்தனை காலம்?

சொந்தக்காரர்களின் கேள்விக்கு இங்கேதான் பதில். அம்மாவுக்கு உறைந்ததற்குக் காரணம் தெளிவு: முறிவு, அறுவை, படுக்கை. அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்தக் காரணம் போய்விட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு மறுபடி உறையும் வாய்ப்பு மிகக் குறைவு. மூன்று மாதச் சிகிச்சை போதும்.

தம்பிக்கு அடிபடவில்லை, அறுவை இல்லை, நீண்ட பயணம்கூட இல்லை. காரணம் தெரியாததால் அது போய்விட்டது என்று சொல்லவும் வழியில்லை. இத்தகையவர்கள் மருந்தை நிறுத்தினால், நூற்றில் சுமார் பத்துப் பேருக்கு முதல் ஆண்டிலேயே திரும்ப வருகிறது. ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு. ஆண்களுக்குச் சற்றுக் கூடுதல். மறுபக்கம், மாத்திரை தொடரும்வரை ரத்தக்கசிவு ஆபத்தும் தொடரும். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து, தொடரலாம் என்று முடிவானது. ஆறு மாதம் கழிந்ததும் அளவை 10 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபின், சிறுநீரகம், கல்லீரல் பார்த்து முடிவை மறுபடி எடைபோடுகிறார்கள்.

வீட்டில் மற்றவர்கள்

தம்பிக்கு வந்தபின் என்னிடமும் ஒரு எச்சரிக்கை சொன்னார்கள். உடன்பிறந்தவருக்கு இப்படி வந்திருந்தால் எனக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை எடுக்குமுன் இதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கல்யாணம், கோயில் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் பெண்கள் கடையில் கேட்டு வாங்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரைக்கும் இது பொருந்தும். மாதவிலக்கைத் தள்ளிப்போட எடுக்கும் அளவில் அதுவும் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரமும் கவனமாக இருக்க வேண்டிய காலம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். எனக்கு ஏன் உறைந்தது? அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? ரத்தக்கசிவுக்கு எனக்கு எவ்வளவு வாய்ப்பு? இவற்றின் பதிலை வைத்துத்தான் மாத்திரையின் காலம் முடிவாகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை மாதம் சாப்பிட்டார் என்பது உங்கள் உடம்புக்குப் பொருந்தாது.