காப்பி நாற்றும் வேர்வழி மருந்தும்

திண்டுக்கல் ஜில்லாவில் பட்டிவீரன்பட்டி முதலிய சமவெளி ஊர்களைச் சேர்ந்த மிராசுதார்கள் பலருக்குத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் காப்பித் தோட்டங்கள் உண்டு. நாற்றுப் பைகளில் குருணை மருந்து இட்டால் நாற்று செழித்து வளரும் என்னும் எண்ணம் அவர்களிற் சிலரிடம் காணப்படுகிறது. இதன் உண்மையை அறிவது அவசியம்.

மருந்து வேலை செய்யும் விதம்: மண்ணில் இடப்படும் இவ்வகை மருந்து ஈரத்திற் கரைந்து, வேரால் உறிஞ்சப்பட்டு, தண்டின் வழியே இலைக்கு ஏறுகிறது. சாற்றை உறிஞ்சும் பச்சைச் செதிற்பூச்சியும் மாவுப்பூச்சியும் அதனால் மடிகின்றன. மண் காய்ந்திருந்தால் மருந்து ஏறாது. வளர்ந்த செடியின் கட்டைக்குள் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானை ஒழிக்க இதனை நம்பலாகாது.

வளர்ச்சி: பூச்சி பற்றிய நாற்றில் வீணாகும் சாறு மிச்சப்படுவதால், மருந்திட்ட நாற்று தெளிந்து வளர்கிறது. பூச்சியில்லாத நாற்றுக்கு அந்த லாபம் இல்லை, மருந்து உரமன்று. அளவு மிஞ்சினால் இலையோரம் கருகும், வேரும் குன்றலாம். ஐயமுள்ளோர் நூறு பைகளில் இருபதை மருந்திடாமல் ஒதுக்கி, ஒரே நிழலும் நீரும் தந்து, இரண்டு மாதம் கழித்து உயரத்தையும் வேரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் செய்யத்தக்கவை: காட்டு மண் ஆறு பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து பைகளை நிரப்புக. மாவுப்பூச்சியைக் காத்து வளர்க்கும் எறும்புப் புற்றுகளை அழிக்க. பூச்சி கண்ட பைகளை உடனே பிரித்து வைக்க. பச்சைச் செதிற்பூச்சியை ஒழிக்க 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்ட பொறிவண்டு, இன்று மாவுப்பூச்சியைத் தின்று உதவுகிறது. கண்டபடி மருந்திட்டால் இத்தகைய நண்பர்களும் அழியக்கூடும்.

எச்சரிக்கை: முன்னாளில் பெரிதும் வழங்கிய போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய இருப்பையும் உபயோகிக்கலாகாது. வேறு மருந்து வாங்குவோர், சீட்டில் காப்பிப் பயிரின் பெயர் உள்ளதா என்று பார்த்தே வாங்குக. சிவப்பு முக்கோணமிட்டவை கொடிய விஷம், வெறுங்கையால் தொடலாகாது. மலையில் சிந்தும் விஷம் ஓடைகள் வழியே மருதாநதியில் இறங்கி, சமவெளி வயல்களையும் அடையக்கூடும். ஆதலின் கிராம அதிகாரிகள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.