இருதயத்தைக் காப்போம்: நோயாளரும் வைத்தியரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்



மாரடைப்பு என்ற சொல் இப்போது எம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. ஐம்பது வயதைத் தாண்டாத குடும்பத் தலைவர் ஒருவர் வேலை செய்த இடத்தில் சரிந்துவிட்டார் என்றோ, ஊரில் இருக்கும் தம்பிக்கு இருதய சத்திரசிகிச்சை என்றோ செய்தி வருகிறது. "விதி" என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். விதியின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இந்த நோயில் மனிதர் கையில் இருக்கும் பங்கு மிகப் பெரிது.

இதை எழுதும் நாம் வைத்தியர் அல்ல, கணக்காளர். ஆகையால் இங்கே மருந்து எதுவும் சொல்லப்போவதில்லை. எண்களை எப்படி வாசிப்பது, வைத்தியரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்பவையே இந்தப் பாடம்.

1. எம்மவர்க்கு ஏன் முந்தி வருகிறது?

கேரளத்தில் பிறந்து கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் டொக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த "இன்ரர்ஹார்ட்" என்னும் ஆய்வு 2004 ஆம் ஆண்டு வெளியாயிற்று. முதல் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரை, அது வராத ஏறக்குறைய அதே தொகையினருடன் ஒப்பிட்டார்கள். புகைத்தல், கொழுப்புக் கோளாறு, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், மரக்கறியும் பழமும் போதாமை, உடற்பயிற்சி இன்மை, மதுப் பழக்கம் தொடர்பான காரணி ஆகிய ஒன்பதுமே மாரடைப்பு ஆபத்தின் பத்தில் ஒன்பது பங்குக்குக் காரணம் என்று கண்டார்கள்.

இதே ஆய்வில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய ஐந்து நாட்டவரின் விபரம் தனியே 2007 இல் வெளிவந்தது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8. ஏறக்குறைய ஆறு ஆண்டு முந்தி வருகிறது. காரணம் இரத்தத்தில் மட்டும் இல்லை. நோயில்லாதவர்களை ஒப்பிட்டபோது, ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவர்கள் தெற்காசியரில் நூற்றுக்கு 6 பேர், மற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 22 பேர். தினமும் மரக்கறியும் பழமும் உண்டவர்கள் தெற்காசியரில் நூற்றுக்கு 26, மற்றவர்களில் 45.

ஆறு ஆண்டு என்பது சிறிய கணக்கல்ல. 53 வயதில் எம்மவர் ஒருவருக்குப் பிள்ளை பல்கலைக்கழகத்தில், வீட்டுக் கடன் பாதியில், ஊரில் வயோதிபத் தாய் இருப்பார்.

2. ஒல்லியான உடம்பும் முன்னுக்கு வந்த வயிறும்

"நான் மெலிந்தவன், எனக்கென்ன?" என்பது எம்மவரிடையே உள்ள பெரிய தப்பெண்ணம். கையும் காலும் மெலிந்திருக்க வயிற்றுக்குள் மட்டும் கொழுப்புச் சேர்வது தெற்காசிய உடல்வாகு. லண்டனில் சவுத்தோல் பகுதியில் வாழும் எம் பிராந்தியத்தவரை ஆராய்ந்த பேராசிரியர் போல் மக்கீக் 1991 இல் இதனை வெளியிட்டார். வயிற்றைச் சுற்றிய கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. அதிலிருந்து நீரிழிவும், கெட்ட கொழுப்புக் கூடுவதும், நல்ல கொழுப்புக் குறைவதும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

ஆகவே தராசைவிட அளவு நாடா நல்லது. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் எச்சரிக்கை. ஐரோப்பிய ஆண்களுக்கு இந்த எல்லை 94. இதனால்தான் இத்தாலிய வைத்தியர் ஒருவருக்குச் சாதாரணமாகத் தெரியும் வயிறு எமக்குச் சாதாரணமல்ல.

3. வைத்தியரின் அட்டவணை எவருடையது?

தடுப்பு மருத்துவத்தில் வைத்தியர் ஒருவர் நோயாளியின் வயது, குருதி அமுக்கம், கொலஸ்ரரோல், புகைத்தல் ஆகியவற்றை அட்டவணை ஒன்றில் வைத்து, அடுத்த பத்து ஆண்டில் இருதய நோய் வரக்கூடிய வீதத்தைக் கணிப்பார். இந்த முறைக்கு வித்திட்டது 1948 இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் தொடங்கிய ஆய்வு. அங்கே பதியப்பட்ட 5,209 பேரும் பெரும்பாலும் வெள்ளையர். இத்தாலியில் தேசிய சுகாதார நிறுவனத்தின் "புரொஜெத்தோ குவோரே" அட்டவணை இத்தாலிய ஆண் பெண்களின் தரவில் கட்டப்பட்டது. இரண்டும் நல்ல வேலை. ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரை அந்த அட்டவணையில் வைத்தால் ஆபத்துக் குறைத்துக் காட்டப்படக்கூடும்.

இதை வைத்திய உலகமே இப்போது ஏற்றுக்கொண்டுள்ளது. 2018 இன் அமெரிக்க வழிகாட்டி, தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் காரணியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஐரோப்பிய இருதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டி, கணித்து வரும் வீதத்தை இந்தியர், வங்காளதேசத்தவருக்கு 1.3 ஆலும், பாகிஸ்தானியருக்கு 1.7 ஆலும் பெருக்கும்படி சொல்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 48 வயதான ஒருவருக்கு அட்டவணையில் 6 வீதம் என்று வருகிறது. 1.3 ஆல் பெருக்கினால் 7.8 வீதம். அந்த வழிகாட்டியில் 50 வயதுக்குக் குறைந்தவருக்கு மிகக் கூடிய ஆபத்தின் எல்லை 7.5 வீதம். ஒரே ஒரு பெருக்கல், ஆனால் அவர் "மருந்து பற்றி யோசிக்கலாம்" என்ற வரிசையிலிருந்து மருந்து பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வரிசைக்கு வந்துவிடுகிறார்.

பலெர்மோவில் எம் குடும்ப வைத்தியர்கள் அன்பானவர்கள். ஆனால் ஒருவர் தமது ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் எமது வம்சாவளியின் கணக்கைத் தாமாகவே நினைவில் வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது. அவருக்கு நினைவூட்டுவது மரியாதைக் குறைவல்ல, நோயாளியின் கடமை.

4. வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

கீழே உள்ளவற்றை ஒரு தாளில் இத்தாலிய மொழியில் எழுதிக்கொண்டு போங்கள்.

(அ) நாம் தெற்காசிய வம்சாவளியினர். எமக்கு இருதய நோய் முந்தி வருகிறது.

(ஆ) தந்தை, சகோதரருக்கு 55 வயதுக்கு முன், அல்லது தாய், சகோதரிக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா என்ற விபரம். "நெஞ்சு நோவில் செத்தார்" என்று ஊரில் சொன்னதும் கணக்கில் சேரும்.

(இ) கர்ப்ப காலத்தில் நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இருந்திருந்தால் அதுவும். பிள்ளை பிறந்ததும் மறந்துவிடுகிறோம், ஆனால் அது தாயின் இருதயத்துக்கு ஒரு முன்னறிவித்தல்.

(ஈ) ஊரிலிருந்து வரவழைத்து உண்ணும் ஆயுர்வேத, சித்த மருந்துகள். மறைத்தால் அவர் தரும் மருந்துடன் முரண்படலாம்.

கேட்க வேண்டியவை: இரத்தத்தில் சீனி, மூன்று மாதச் சீனிக் கணக்கான "எமோகுளோபீனா கிளிக்காத்தா", கொலஸ்ரரோலின் பிரிவுகள், சிறுநீரகத்துக்கான கிரியற்றினின். இவற்றோடு "லிப்போபுரொத்தேயீனா ஆ" என்ற பரம்பரைக் கொழுப்பை வாழ்நாளில் ஒரு முறையாவது பார்க்கும்படி ஐரோப்பிய வழிகாட்டி 2019 முதல் சொல்லி வருகிறது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்புக்கு அழைத்துப் போகாதீர்கள். தகப்பன் தன் நெஞ்சு நோவைப் பிள்ளைக்கு முன் முழுமையாகச் சொல்லமாட்டார். பிள்ளையும் பயத்தில் பாதியை விழுங்கிவிடும். "மெதியத்தோரே குல்த்தூராலே" எனப்படும் மொழி உதவியாளர் உண்டா என்று வைத்தியசாலையில் கேளுங்கள். இல்லையேல் வளர்ந்த உறவினர் ஒருவர் வரட்டும்.

பத்திரம் இல்லாதவர்களுக்கும் ஒரு சொல். 1978 ஆம் ஆண்டின் 833 ஆம் இலக்கச் சட்டம் இத்தாலியில் எல்லோருக்குமான சுகாதார சேவையை உருவாக்கிற்று. 1998 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், வதிவிடப் பத்திரம் இல்லாதவருக்கும் அவசரமான, அத்தியாவசியமான வைத்தியம் உண்டு என்கிறது, அதற்கு "எஸ்.தி.பி." என்ற இலக்கம் தரப்படும். வைத்தியசாலைக்கு வந்ததைக் காரணமாக வைத்துப் பொலிசுக்கு அறிவிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தின் 35 ஆம் பிரிவில் உள்ளது. பயத்தில் வீட்டிலேயே படுத்திருக்காதீர்கள். பத்திரம் உள்ளவர்கள் நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் போன்ற நாட்பட்ட நோய்க்குப் பரிசோதனைக் கட்டண விலக்குக் கோரலாம். "எசென்சியோனே" என்று வைத்தியரிடம் கேட்டால் வழி சொல்வார்.

5. எண்களை வாசித்தல்

லண்டனில் இருக்கும் அக்கா தன் கொலஸ்ரரோல் 5 என்கிறார்; பலெர்மோவில் தங்கைக்கு 193. தங்கை பயந்து போகிறார். உண்மையில் இரண்டும் ஒன்றே. அங்கே மில்லிமோல், இங்கே மில்லிகிராம். கொலஸ்ரரோலை 38.7 ஆலும், சீனியை 18 ஆலும் பிரித்தால் இங்குள்ள எண் அங்குள்ள எண்ணாகும்.

வெறும் வயிற்றில் சீனி 126 அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாதக் கணக்கு 6.5 அல்லது அதற்கு மேல் எனில் நீரிழிவு. பொதுவாக இன்னொரு பரிசோதனையால் உறுதி செய்வார்கள். வைத்தியரிடம் அளக்கும் குருதி அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் உயர்வு. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். க்கு எல்லோருக்கும் ஒரே எல்லை கிடையாது. ஆபத்துக் குறைந்தவருக்கு 116 போதும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 55 க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பத்திரத்தில் ஆய்வுகூடம் அச்சிடும் "சாதாரண" எல்லையைப் பார்த்து ஆறுதல் அடையாமல் "என் இலக்கு எவ்வளவு?" என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

எண் இறங்கிவிட்டது என்று மருந்தை நிறுத்துவோர் பலர். இறக்கியது மருந்துதான். நிறுத்தினால் அது திரும்பவும் ஏறும்.

6. பலெர்மோ சந்தையும் எமது அடுப்பும்

அமெரிக்கரான அன்செல் கீஸ் 1958 இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் இத்தாலியும் ஒன்று. ஒலிவ் எண்ணெய், பருப்பு வகை, கீரை, மீன் உண்ட தென் ஐரோப்பியக் கிராமத்தவருக்கு இருதய நோய் குறைவு என்பது அதில் தெரிந்தது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த ஆய்வொன்றும் ஒலிவ் எண்ணெயோ கொட்டை வகையோ சேர்ந்த இவ்வுணவு இருதய நோயையும் பக்கவாதத்தையும் ஏறத்தாழ 30 வீதம் குறைத்ததாக 2013 இல் காட்டிற்று.

இதை வெள்ளைக்காரரின் சாப்பாடு என்று ஒதுக்க வேண்டாம். குரக்கன், கீரை, பயறு, சின்ன மீன் என்று எம் பாட்டனார் உண்டதும் இதற்குக் கிட்டியதே. பல்லாரோ சந்தையில் கோடைகாலத்தில் கட்டுக்கட்டாக விற்கும் "தெனெரூமி" வேறொன்றுமல்ல, சுரைக்கொழுந்துதான். பருப்போடு கடைந்தால் எமது கறி. சாளை மீனும் கடலையும் அங்கே மலிவு.

குறைக்க வேண்டியவை: தட்டு நிறைந்த வெள்ளைச் சோறு, கட்டித் தேங்காய்ப்பால், கருவாடு, ஊறுகாய், அப்பளத்தின் உப்பு, தேநீரின் சீனி. தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. ஒலிவ் எண்ணெயில் ஏழில் ஒரு பங்கு. உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சைவ உணவு என்பதாலேயே காப்பு வந்துவிடாது. வடையும் முறுக்கும் லட்டும் சைவந்தான்.

நடையும் வேண்டும்: கிழமைக்கு 150 நிமிடம். சந்தா ரொசாலியா அன்னையைத் தரிசிக்க மொந்தே பெல்லெகிரீனோ ஏறும் வழக்கம் எம்மவர்க்கு, சைவர் கிறிஸ்தவர் என்ற பேதமின்றி, உண்டு. 400 மீற்றருக்கு மேல் ஏறும் அந்த வழி நல்ல பயிற்சி. ஆனால் ஆண்டு முழுவதும் நடக்காமல் நேர்த்திக்காக ஒரே நாளில் ஏறுவது நீரிழிவுகாரருக்கும் நாற்பதைத் தாண்டியவருக்கும் ஆபத்து. முதலில் வைத்தியரைக் கேட்டு, அடிவாரத்துப் பவோரீத்தா பூங்காவில் நடந்து பழகுங்கள்.

7. ஆலயம் என்ன செய்யலாம்?

பின்லாந்தின் வட கரேலியா மாகாணத்தில் நடுவயது ஆண்கள் இருதய நோயால் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். மக்களே 1971 இல் அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். 1972 இல் டொக்டர் பெக்கா புஸ்கா தலைமையில் வேலை தொடங்கியது. வைத்தியருக்கும் தாதியருக்கும் பயிற்சி கொடுத்ததோடு நிற்காமல், இல்லத்தரசிகள் சங்கத்தைச் சேர்த்துச் சமையலை மாற்றினார்கள். ஊருக்கு ஊர் கொலஸ்ரரோல் குறைக்கும் போட்டி வைத்தார்கள். நாற்பது ஆண்டில் உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரணம் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தது. மருந்துக்கு முன் அங்கே வென்றது அடுக்களை.

எமது அடுக்களை அன்னதான மண்டபம். அங்கே ஒரு கீரை, ஒரு பருப்பு கூடட்டும், பொரியலில் ஒன்று குறையட்டும். சர்க்கரைப் பொங்கல் இருக்கட்டும், பிரசாதம் பிரசாத அளவில் இருக்கட்டும். மாதம் ஒரு நாள் பூசை முடிந்தபின் குருதி அமுக்கமும் இடுப்பளவும் பார்த்து எழுதிக் கொடுக்கலாம். எம் பிள்ளைகளில் தாதிப் படிப்புப் படித்தவர்கள் முன்வர வேண்டும். கந்த சஷ்டி விரதம் இருக்கும் நீரிழிவுகாரர், மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்பது அவசியம். பட்டினியோடு வழமையான மருந்தையும் எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். அக்கோயிலைப் பராமரிப்பதும் திருப்பணியே.

8. நெஞ்சு நோவு வந்தால்

நெஞ்சின் நடுவில் பாரம், இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, குமட்டல். பெண்களுக்கும் நீரிழிவுகாரருக்கும் நோவு தெளிவாக இல்லாமல் களைப்பும் மூச்சு முட்டலுமாக மட்டும் வரலாம். "வாய்வு" என்று இஞ்சிக் கோப்பியும் பெருங்காயமும் குடித்து விடியும்வரை காத்திருப்பதுதான் எம்மவர் உயிரைக் கொண்டுபோகிறது. உடனே 118 அல்லது 112 ஐ அழையுங்கள். சொந்த வாகனம் ஓட்ட வேண்டாம். அடைபட்ட நாளத்தைத் திறக்கும் சிகிச்சை எவ்வளவு முந்திக் கிடைக்கிறதோ அவ்வளவு இருதயத் தசை பிழைக்கும். "தொலோரே அல் பெத்தோ" என்றால் நெஞ்சு நோவு. இந்த மூன்று சொல்லையும் வீட்டு விலாசத்தையும் இத்தாலிய மொழியில் எழுதித் தொலைபேசிக்கு அருகே ஒட்டிவையுங்கள்.

மீட்டற் கேள்விகள்

(1) உங்கள் வீட்டில் ஒவ்வொருவரின் இடுப்புச் சுற்றளவு எவ்வளவு?
(2) உங்கள் எல்.டி.எல். இலக்கு எவ்வளவு என்று வைத்தியர் சொன்னாரா?
(3) உங்கள் வம்சாவளியையும் குடும்ப வரலாற்றையும் அவரிடம் சொல்லிவிட்டீர்களா?
(4) 118 க்கு இத்தாலிய மொழியில் விலாசம் சொல்ல வீட்டிலுள்ள எல்லோராலும் முடியுமா?

நான்குக்கும் விடை எழுதிவிட்டு, அதே தாளோடு இந்த மாதத்துக்குள் குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள்.