கார்புரேட்டர் வாங்கக் கிளம்பாதே

அன்புள்ள மருமகனுக்கு,

தாத்தாவின் புல்லட் கார்புரேட்டர் வழியாக டப் டப்பென்று துப்புகிறது, புது கார்புரேட்டரே வாங்கிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். சத்தம் அந்த வழியாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். குற்றம் அங்கேதான் என்று எவனாவது பார்க்காமலே சொன்னால் அவனிடம் வண்டியை விடாதே.

இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடும்போது சைலன்சரில் வெடிப்பது வேறு கதை. பெரும்பாலும் சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்று புகுந்திருக்கும். உன்னுடையது அதுவல்ல. இன்லெட் வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் இன்னும் நெருப்பு இருக்கிறது. பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரிவதால் இருக்கலாம், ஸ்பார்க் நேரம் தவறியிருக்கலாம், வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம்.

காலையில் சோக் போடாமல் உதைத்து ஒன்றிரண்டு முறை துப்பினால் விட்டுவிடு. எஞ்சின் சூடான பிறகும் துப்பினால், ஓடும்போதே சோக்கைப் பாதி போட்டுப் பார். துப்புவது நின்றால் பெட்ரோல் போதவில்லை, நேராகக் கார்புரேட்டரைப் பார். துப்புவது நிற்காவிட்டால் பாயிண்ட் மூடியைத் திற.

அங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். பாயிண்ட் நன்றாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கட்டும். கேமில் உரசும் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், ஸ்பார்க் தாமதமாகும். பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். அந்த நொடியில் அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும். ஓடும்போது பாயிண்டிலேயே பளிச்சென்று பொறி பறந்தால் கண்டன்சர் போய்விட்டது. அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றனவா என்றும் விரலால் அசைத்துப் பார்.

அடுத்து டாப்பெட். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க வேண்டும். புஷ்ராடு விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. சுழலாமல் இறுகியிருந்தால் வால்வு முழுக்க மூடவில்லை.

இத்தனையும் சரியென்றாலோ, சோக்கில் துப்புவது நின்றிருந்தாலோதான் கார்புரேட்டர். சிலிண்டர் ஹெட்டோடு சேரும் முகத்தை முதலில் பார். யாரோ நட்டை முரட்டுத்தனமாக முறுக்கியதில் அது வளைந்திருக்கும், அந்த வழியில் காற்று புகும். கண்ணாடிப் பலகைமேல் எமரித் தாளை வைத்துத் தேய்த்துச் சமமாக்கு, ஓ-ரிங்கை மாற்று. பைலட் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதே, காற்றடித்தால் போதும். இப்போது பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். அதே ஜெட்டில் கலவை சற்று மெலிந்துதான் போகும். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பினால் ஐட்லிங் தேறும்.

ஒன்றில் கண்டிப்பாக இரு. பெட்ரோல் ஒழுகும் வண்டியை உதைக்காதே. துப்பும் நெருப்பு அதைப் பற்றிக்கொள்ளும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டாதே, கார்புரேட்டர் வாய்க்கு நேராக முகத்தையும் வைக்காதே. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான வார்ப்பிரும்பு எஞ்சின் இது. பாயிண்டும் கண்டன்சரும் சென்னை ஜி.பி. ரோட்டில் இன்றும் கிடைக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதே. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்தது. பாயிண்டைத் திறந்ததும் என்ன கண்டாய் என்று எழுது.

அன்புடன்,
மாமா