முன்பள்ளி மூடப்பட்ட காலம் தந்த பாடம்

போர்க்காலத்தில் நாம் இடம்பெயர்ந்து சென்ற வேளைகளிலும் எமது பிள்ளைகளின் கல்வி முற்றாக நின்றுவிடவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்கள் தங்கிய இடங்களிலே, மரநிழலிலும் தறப்பாள் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. கட்டடம் இல்லை; தளபாடம் இல்லை. ஆனால் ஆசிரியரும் பிள்ளைகளும் ஓரிடத்தில் கூடியிருக்க முடிந்தது.

2020 இல் வந்த கொரோனாப் பெருந்தொற்று இதற்கு நேர்மாறானது. கட்டடம் இருந்தது; கதிரைகளும் விளையாட்டுப் பொருட்களும் இருந்தன. கூடுவதுதான் தடுக்கப்பட்டது. அவ்வருடம் மார்ச் 13 இல் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20 இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அதன்பின் திறப்பதும் மூடுவதுமாக ஒன்றரை வருடத்துக்கு மேல் கழிந்தது. 200 இற்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் 2021 ஒக்ரோபர் 21 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டன. இக்காலத்தில் எமது முன்பள்ளி ஆசிரியைகள் பட்ட சிரமங்களை இப்பாடத்தில் நோக்குவோம்.

ஆசிரியைகள் எதிர்கொண்ட இடர்கள்

முதலாவது, தொலைபேசி. தொலைவிலிருந்து கற்பிப்பதென்றால் வட்ஸ்அப் குழுவே வழியாயிற்று. எமது கிராமங்களில் பல வீடுகளில் ஒரேயொரு தொலைபேசிதான் உண்டு. அதுவும் பகலில் தகப்பனோடு வயலுக்கோ கூலி வேலைக்கோ போய்விடும். மாலையில் வந்தாலும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அக்காவுக்கே முதலிடம். முன்பள்ளிப் பிள்ளையின் முறை வரும்போது பிள்ளை உறங்கிவிடும். நாட்கூலி நின்றுபோன வீட்டில் அரிசி வாங்குவதா, ரீலோட் போடுவதா என்ற கேள்விக்கு விடை சொல்லவும் வேண்டுமா?

இரண்டாவது, பிள்ளையின் வயது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை திரையைப் பார்த்துக் கற்பதில்லை. தொட்டும், ஓடியும், மற்றப் பிள்ளையோடு சண்டையிட்டுச் சமாதானமாகியுமே கற்கின்றது. இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் திரைமுன் இருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இலேயே அறிவுறுத்தியிருந்தது.

மூன்றாவது, ஆசிரியையின் வருமானம். கிராமத்து முன்பள்ளிகள் பல பெற்றோர் செலுத்தும் மாதக் கட்டணத்திலேயே தங்கியிருப்பவை. பள்ளி பூட்டப்பட்டதும் அதுவும் நின்றது. ஆயினும் தம் கைக்காசைச் செலவிட்டுப் பாடம் அனுப்பிய ஆசிரியைகளை நாம் அறிவோம்.

நான்காவது, தாய்மாரின் தயக்கம். "எனக்கே எழுத்து வராது ரீச்சர், நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்ட தாய்மார் பலர். ஓர் ஆசிரியை 'அ' எழுதும்படி பயிற்சி அனுப்பினார். மறுநாள் அழகான 'அ' படமாக வந்து சேர்ந்தது. எழுதியது பிள்ளையின் கையா, பிள்ளையின் கையைப் பிடித்த தாயின் கையா என்பது அவருக்குத் தெரியவில்லை. வகுப்பில் என்றால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அறிந்திருப்பார்.

எது கைகொடுத்தது?

எழுத்துப் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தாயோடு பேசத் தொடங்கிய ஆசிரியைகளுக்கே வழி பிறந்தது. வாசிக்க வேண்டிய செய்திக்குப் பதிலாகக் குரற்பதிவை அனுப்பினார்கள். "இன்றைக்குப் பிள்ளையோடு இருந்து உழுந்தையும் பயற்றையும் கலந்து, பிறகு வேறுவேறாகப் பிரிக்கச் சொல்லுங்கோ" என்பது ஒரு நாட்பாடம். இது விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் தானியத்தைப் பொறுக்கும் விரல்களே நாளை பென்சிலைப் பிடிக்கும் விரல்கள். வேறுபடுத்திப் பார்க்கும் கண்ணே பின்னர் 'ப' வையும் 'ம' வையும் வேறுபடுத்தும் கண்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 இல் உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் தொடங்கியபோது கண்டதும் இதுவே: பிள்ளையின் கைகளே அதன் முதல் ஆசான். விவசாயியின் வளவில் இதற்குக் குறைவில்லை. முட்டைகளை எண்ணலாம், இலைகளைப் பெரிது சிறிதென அடுக்கலாம், மணலில் விரலால் கோடு கீறலாம், இரவில் அம்மம்மாவிடம் கதை கேட்கலாம்.

இரு எச்சரிக்கைகள். சிறு தானியங்களைப் பிள்ளை மூக்கிலும் காதிலும் வாயிலும் இடக்கூடும். எனவே பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். மருந்து கலந்த விதைகளை ஒருபோதும் பிள்ளையின் கையில் கொடுக்கலாகாது.

எமது பொறுப்பு

இயேசு சிறுவரைத் தூரத்தில் நிறுத்திப் போதிக்கவில்லை. அவர்களை அணைத்து, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசி வழங்கினார் என நற்செய்தி கூறுகின்றது. அருகிருத்தலே சிறு பிள்ளைக்குரிய கல்வி. ஆசிரியை அருகில் வர முடியாதபோது அந்த இடத்தை நிரப்பக்கூடியது தொலைபேசி அல்ல, தாயும் தகப்பனுமே. தொலைபேசி அவர்களுக்கு ஆசிரியையின் குரலைக் கொண்டுவரும், அவ்வளவுதான்.

இது முடிந்துபோன கதையும் அல்ல. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மீண்டும் தடைப்பட்டன. வெள்ளம் வந்தாலும் இதே நிலைதான். மேலும், அன்று முன்பள்ளியை இழந்த பிள்ளைகள் இன்று மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் வாசிக்கத் தடுமாறினால் "மொக்கு" என்று ஏசாதீர்கள். அப்பிள்ளை இழந்தது அறிவை அல்ல, அத்திவாரம் இடும் காலத்தை. வகுப்பாசிரியரிடம் அதனை எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் நாளுக்குக் கால் மணிநேரம் அருகிலிருந்து வாசிக்கக் கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்கத் தெரியும்.

குழுவாகச் சிந்திக்க

1. பெருந்தொற்றுக் காலத்தில் உங்கள் கிராமத்து முன்பள்ளி ஆசிரியை எவ்வாறு சீவித்தார்? யார் அவருக்கு உதவினர்?

2. அக்காலத்தில் முன்பள்ளி வயதிலிருந்த எத்தனை பிள்ளைகள் உங்கள் கிராமத்தில் உள்ளனர்? அவர்களுள் வாசிக்கச் சிரமப்படுவோர் எவர்?

3. முன்பள்ளி நாளை மீண்டும் மூடப்பட்டால், அயலிலுள்ள நான்கைந்து வீடுகள் சேர்ந்து எதனைச் செய்யலாம்? அதற்கு ஆசிரியையிடம் இப்போதே எதனைக் கேட்டறிந்து வைக்கலாம்?